குதிகாலில் ஒட்டிய பிளாஸ்டர்

ஜெர்மனியின் பீலெஃபெல்ட் நகரத்து வீட்டின் சமையலறை மேசையில், ஆரபியின் பிறந்து நான்கு நாளான தம்பி கிடக்கிறான். ஜன்னல் வழியே வரும் பனிக்கால வெளிச்சத்தில், பரிசோதனைக்கு இரத்தம் எடுத்த அவன் குதிகாலில் பிளாஸ்டர் தெரிகிறது. பிளாஸ்டரோடு தோலும் உரிந்து வரும் என்பது ஏழு வயது ஆரபிக்குத் தெரியும். பிறந்ததிலிருந்து அவளுக்கு இருக்கும் தோல் நோய் அப்படி. உரசிய இடமெல்லாம் கொப்புளம், பத்து விரலிலும் துணிக்கட்டு. அம்மா எண்ணெய் தடவி, மூச்சை அடக்கிக்கொண்டு பிளாஸ்டரின் ஓரத்தைத் தூக்குகிறாள். கீழே தெருவில் டிராம் கிரீச்சிட்டுத் திரும்புகிறது. பிளாஸ்டர் கழன்று வருகிறது. தோல் அப்படியே இருக்கிறது. அம்மா அந்தக் குதிகாலில் முகம் புதைத்து அழுகிறாள். “தம்பிக்கு இல்லையோ அம்மா?” “இல்லைப் பிள்ளை.” ஆரபிக்கு அந்தக் காலைத் தொட ஆசையாக இருக்கிறது. ஆனால் கைகளை முதுகுக்குப் பின்னால் ஒளித்துக்கொண்டு கேட்கிறாள்: “நான் தொட்டா வந்திடுமோ?”