தீவில் என்ன சாப்பிடலாம்?

“இந்தத் தீவுக்கு வந்தா என்னதான் சாப்பிடணும்னு ஒருத்தர் என்கிட்ட கேட்டார். எனக்குப் பதில் தெரியலை. அதான் வந்திருக்கேன்.”

மூன்றாம் மேசையில், கடலுக்கு நேரே உட்கார்ந்திருந்த அந்த அம்மாள் இப்படிச் சொன்னதும் மேனேஜருக்குத் திக்கென்றது. வந்தாயிற்று! சுற்றுலாப் பத்திரிகையிலிருந்து ஆள் வரும், யாரென்று சொல்லிக்கொள்ளாமல் சாப்பிட்டுப் பார்க்கும், ‘தீவில் தவறவிடக் கூடாத உணவுகள்’ பட்டியலில் நம் ஓட்டலைச் சேர்ப்பதும் தள்ளுவதும் அந்த ஆளின் கையில்தான் என்று முதலாளி படித்துப் படித்துச் சொல்லியிருந்தார்.

மேனேஜர் வேலையில் சேர்ந்து பத்து நாள்தான் ஆகிறது. பட்டியலில் பேர் வராவிட்டால் பதினோராம் நாளே மூட்டை கட்ட வேண்டியதுதான்.

“மெனுவுல தீவுச் சாப்பாடுன்னு நாலு போட்டிருக்கீங்களே, நாலும் கொண்டு வாங்க” என்றாள் அந்த அம்மாள். இஸ்திரி மடிப்புக் கலையாத சேலை, நிமிர்ந்த முதுகு. குரலில் தயக்கம் என்பது மருந்துக்கும் இல்லை.

“தாராளமா மேடம். இது எங்க உபசரிப்பு. பில் எதுவும் கிடையாது.”

“ஓசிச் சோறு வேண்டாம். காசு கொடுத்துச் சாப்பிட்டாத்தான் குறை சொல்ல வாய் இருக்கும்.”

குறையா? மேனேஜர் மேசை விரிப்பை இழுத்துச் சரிசெய்தார். நரைத்த மீசைச் சர்வர் அவர் காதருகே குனிந்தார். “சார், இவங்க வந்து…”

“தெரியும்யா! எனக்குத் தெரியாதா? வாயை மூடிக்கிட்டு ஓடு. கிளாஸ்ல ஒரு விரல் ரேகை தெரியக் கூடாது!”

சர்வர் வாயை மூடிக்கொண்டார். அதற்குள் சிரிப்பு ஒன்று அடைபட்டிருந்ததை மேனேஜர் கவனிக்கவில்லை.

முதலில் தேங்காய்ப்பால் மீன் வந்தது. அந்த அம்மாள் ஒரு வாய் வைத்துவிட்டுக் கண்ணை மூடி வெகுநேரம் மென்றாள். “பேருக்கேத்த ருசிதான். இதை ஒருத்தரும் மிச்சம் வைக்கிறதில்லை.”

மேனேஜருக்குப் பாதி உயிர் திரும்பியது. மற்ற மூன்று தட்டுகளும் வந்து சேர்ந்தன.

“ஆனா இந்தச் சுட்ட கணவாய் இருக்கே, மத்தியானம் வர்றவங்களுக்குப் பரவாயில்லை. சாயங்காலம் ஆனா ரப்பர். மென்னு மென்னு பார்த்துட்டு ஓரமா ஒதுக்கிடறாங்க. வாழைப்பழ வறுவல்ல பிள்ளைங்க தேனை மட்டும் நக்கிட்டுப் பழத்தை விட்டுடுதுங்க.”

பத்து நாளாக யாரோ எங்கோ உட்கார்ந்து வேவு பார்த்திருக்கிறார்கள் என்று மேனேஜருக்கு விளங்கிவிட்டது. திரும்பி, தூண்களுக்குப் பின்னால் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

“நண்டு மேடம்? அதைச் சொல்லுங்க. அது எங்க சமையல் மாஸ்டரோட பெருமை.”

“பெருமையைத் தட்டுல வெச்சா யாரு திங்கிறது? பத்துத் தட்டு போனா எட்டு பாதியில நிக்குது. வர்றவங்களுக்கு ஓடு உடைக்கத் தெரியலை. முட்டி மோதிப் பார்த்துட்டுக் கையைக் கழுவிடறாங்க. உள்ளேயே உடைச்சு அனுப்பினா மாஸ்டர் தலையில இருக்கிற கிரீடம் இறங்கிடுமா?”

பேச்சு ஒருபக்கம் நடக்க, அவள் கைகள் தம்பாட்டுக்கு வேலை செய்தன. மிச்சத்தை ஒரே தட்டில் வழித்துச் சேர்த்து, பெரிய தட்டு கீழே, சின்னது மேலே என அடுக்கி, கரண்டிகளை ஒரே பக்கமாகத் திருப்பி வைத்தாள். நண்டுத் தட்டு மட்டும் தனியே இருந்தது. பெரிய இடத்து வளர்ப்பு என்றால் இதுதான் என்று மேனேஜர் மனசுக்குள் மெச்சிக்கொண்டார்.

“நீங்க சொல்றது அத்தனையும் நியாயம் மேடம். ஆனா மாஸ்டர் காதுல இதைப் போடற தைரியம் இங்க யாருக்கும் கிடையாது. போன மேனேஜர் உப்பு கம்மின்னு சொன்னதுக்கே அவர் ரெண்டு நாள் அடுப்பு மூட்டலையாம்.”

“கூப்பிடுங்க. நான் சொல்றேன்.”

“வேண்டாம் மேடம், அவருக்குக் கோபம் மூக்கு மேல…”

“மூக்கு அவரோடது. கூப்பிடுங்க.”

கூப்பிடத் தேவையே இருக்கவில்லை. சர்வர் எப்போது உள்ளே போய் என்ன ஓதினாரோ, கையில் அகப்பையோடு மாஸ்டர் கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். “எவன்யா என் நண்டைக் குறை சொன்னது?”

மூன்றாம் மேசையைப் பார்த்தவர் ஆணி அடித்த மாதிரி நின்றார். ஓங்கிய அகப்பை மெல்லக் கீழே இறங்கியது.

அந்த அம்மாள் எழுந்திருக்கவில்லை. “நான்தான் மாஸ்டர். ஓட்டை உடைச்சு அனுப்புங்க. நல்ல நண்டு வீணாப் போகுது.”

மாஸ்டரின் அகப்பையே இறங்கியதைக் கண்டு மேனேஜருக்குப் புல்லரித்தது. கைகட்டிக் குழைந்தார். “எப்படி மேடம் இவ்வளவு கச்சிதமாச் சொல்றீங்க? இங்க எத்தனை தடவை சாப்பிட்டிருக்கீங்க?”

“சாப்பிடறது இன்னைக்குத்தான் முதல் தடவை” என்றாள் அவள். “எட்டு வருஷமா உங்க பின்கட்டுல தட்டு கழுவறது நான்தான் சார். நீங்கதான் அந்தப் பக்கம் இன்னும் எட்டிப் பார்க்கலை. இன்னைக்கு எனக்கு லீவு.”

மாஸ்டர் குனிந்து நண்டுத் தட்டை எடுத்துக்கொண்டு, ஓட்டை உடைக்க உள்ளே போனார்.