அடிப்பக்கம்

வரப்புத் தகராறுக்குப் பிறகு, அண்ணன் தம்பியைக் கட்டிய அந்த ஓரகத்திகள் இருவரும் பேசிக்கொள்வதில்லை. இடி இடித்த மறுநாள் காலை, மூத்தவளுக்கு முந்திவிட வேண்டுமென்று இளையவள் மாராத்தாள் புல்காட்டில் கண்ட காளானையெல்லாம் கூடையில் அள்ளிப் போட்டாள். மூத்தவள் நல்லம்மாள் வந்து கூடையைத் தட்டிவிட்டாள்.

“என்ர குழந்தைக திங்கறது உனக்குப் பொறுக்கலையா?” என்று மாராத்தாள் கத்தினாள்.

நல்லம்மாள் சிதறியதில் ஒன்றைத் திருப்பிக் காட்டினாள். அடிப்பக்கம் விஷக்காளானின் வெள்ளையாக இருந்தது. தன் மடியிலிருந்து ஒன்றைத் திருப்பினாள். அது இளஞ்சிவப்பாக இருந்தது. மடியிலிருந்த அத்தனையையும் காலியான அந்தக் கூடையில் கொட்டிவிட்டுப் போய்விட்டாள்.

மத்தியானம் மாராத்தாள் கொதித்த குழம்பைச் சட்டியோடு தூக்கிக்கொண்டு மூத்தவள் வாசலில் நின்றாள். நல்லம்மாள் ஒரு சொட்டு உள்ளங்கையில் விட்டு ருசி பார்த்தாள்.

“உப்புப் பத்தல.”

“நீங்களே போடுங்கக்கா” என்றாள் மாராத்தாள்.