மூத்த தாரம்

"கயிறு கட்டி இழுக்கிற பேச்சே வேண்டாம் தம்பி. இது தானா ஓடித்தான் போய்ச் சேரணும்!"

பல் டாக்டரின் மனைவி சொன்ன வேகத்தில், உதவிக்கு வந்த லாரிக்காரர் கையிலிருந்த கயிற்றைச் சுருட்டிக்கொண்டார். மலைப்பாதையின் பாதியில் பானெட்டைத் திறந்தபடி நின்றிருந்தது டாக்டரின் கார். வயதில் டாக்டரைவிடப் பெரியது. விடியலில் கிளம்பி, சமவெளி முழுக்கச் சமர்த்தாக ஓடிவந்த வண்டி, ஏற்றம் தொடங்கியதும் இருமியது, குலுங்கியது, படுத்துவிட்டது.

டாக்டர், சொத்தைப் பல் பார்க்கிற டார்ச்சை எஞ்சினுக்குள் அடித்துப் பார்த்தார். முகம் வாடிவிட்டது.

"பெட்ரோல் பம்ப் போச்சு. டேங்க் நிறைய பெட்ரோல் இருக்கு, எஞ்சினுக்கு ஏற மாட்டேங்குது. திரும்பிடலாம்மா. பாவம், இதுக்கு மேல இதைப் படுத்தக் கூடாது."

"திரும்பறதா? மூணு மணிக்குள்ள வண்டி மேல இருக்கணும். சொந்தமா ஓடுற வண்டியா இருந்தாத்தான் எடுப்போம்னு சினிமாக்காரங்க கறாரா சொல்லிட்டாங்க. இல்லேன்னா வேற வண்டி வச்சு எடுத்துடுவாங்க."

"எடுத்துக்கட்டுமே."

"நல்லா இருக்கே! உச்சக்காட்சியே இதை வச்சுதானாம். பார்க்கிறவன் மூச்சு விட மறந்துடுவானாம். எந்த வண்டிக்குக் கிடைக்கும் இந்த யோகம்?"

டாக்டருக்குத் தன் காதையே நம்ப முடியவில்லை. கல்யாணத்துக்கு முன்பே அவரிடம் வந்துவிட்ட வண்டி இது. அதனால் அவள் இதற்கு வைத்த பெயர் 'மூத்த தாரம்'. "மூத்தவளைக் குளிப்பாட்டி முடிச்சாச்சா? இளையவளுக்கு நாலு வெங்காயம் உரிச்சுத் தர முடியுமா?" என்ற குரல் கேட்காத ஞாயிற்றுக்கிழமை அந்த வீட்டில் கிடையாது. தலைப்பிரசவத்துக்கு அவளுக்கு வலி எடுத்தபோது டாக்டர் இந்த வண்டிக்கு அடியில் மல்லாந்து கிடந்தார். இதோ வந்துட்டேன், இதோ வந்துட்டேன் என்று குரல் மட்டும் வந்தது. அவள் வாடகைக் கார் பிடித்துப் போய்ப் பிள்ளை பெற்றாள். அந்தக் கோபம் ஆறட்டும் என்று பிற்பாடு வண்டியை அவள் பெயருக்கே மாற்றிப் பார்த்தார். ஆறவில்லை.

அப்படிப்பட்டவள்தான் இப்போது சட்டைக் கையை மடித்துவிட்டுக்கொண்டு டிக்கியைக் குடைந்துகொண்டிருந்தாள்.

"பெட்ரோல் கேன் இங்க இருக்கு. ரப்பர் குழாய் எங்க?"

"ஸ்டெப்னிக்குக் கீழ. எதுக்கு?"

"கேனை எஞ்சினைவிட உசரத்துல வச்சு, குழாயை நேரா கார்பரேட்டர்ல சொருகிட்டா பம்பே வேண்டாம். பெட்ரோல் தன்னால இறங்கும்."

லாரிக்காரர் டாக்டரைப் பார்த்தார். டாக்டர் மனைவியைப் பார்த்தார்.

"இதெல்லாம் உனக்கு எப்படித் தெரியும்?"

"தூக்கத்துல நீங்க வேற எதைப் பத்தி உளர்றீங்க?"

கேனைக் கூரையில் கட்டினார்கள். எஞ்சின் உறுமி எழுந்தது. ஆனால் அடுத்த வளைவிலேயே கேன் சரிந்து, வண்டி மறுபடி நின்றது. இறுக்கிக் கட்டியும் பார்த்தார்கள். இரண்டு வளைவு தாண்டவில்லை. பின்னாலேயே மெதுவாக வந்த லாரிக்காரர், "அக்கா, விட்டுடுங்க. இது மலைக்கு ஆகாத வண்டி" என்றார்.

"ஆகாதது எது, ஆகறது எதுன்னு எனக்குத் தெரியும் தம்பி. அந்தக் கேனை அவிழ்த்து இப்படிக் கொடுங்க."

முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தாள். ஜன்னலுக்கு வெளியே கையை நீட்டி, கேனைத் தலைக்கு மேல் தூக்கிப் பிடித்துக்கொண்டாள். அரைகுறையாக மூடிய பானெட்டை லாரிக்காரர் தன் கயிற்றாலேயே இறுக்கிக் கட்டி அனுப்பிவைத்தார்.

வண்டி ஏறியது. வளைவுக்கு வளைவு கேன் ஆடியது, அவள் கை ஆடவில்லை. பெட்ரோல் முழங்கை வழியாக ஒழுகியது. எதிரே வந்த பஸ்ஸில் இருந்தவர்கள் எல்லாம் எட்டிப் பார்த்துச் சிரித்தார்கள்.

"கை மரத்துப் போயிருக்கும். கொஞ்சம் நிறுத்தட்டுமா?" என்றார் டாக்டர்.

"நிறுத்தினா திரும்ப எழுந்திருக்காது. நீங்க ரோட்டைப் பாருங்க."

டாக்டர் ரோட்டைத்தான் பார்த்தார். ஆனால் ரோடு கலங்கலாகத் தெரிந்தது. புறங்கையால் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"உன்னைத் தப்பா நினைச்சுட்டேன்மா. இதைக் கண்டாலே உனக்கு ஆகாதுன்னு இத்தனை வருஷமா..."

"அழுதுக்கிட்டே ஓட்டாதீங்க. மேடு வருது, கியரை மாத்துங்க."

மலையுச்சியில் கேமராக்களும் குடைகளும் காத்திருந்தன. சொன்ன நேரத்துக்குக் கொஞ்சம் முன்பாகவே, புகை கக்கிக்கொண்டு, சொந்த எஞ்சினில் போய் நின்றது வண்டி. அவள் கேனை இறக்கினாள். விரல்கள் நிமிர மறுத்தன. ஆனாலும் அப்படி ஒரு திருப்தியை அவள் முகத்தில் டாக்டர் பார்த்ததே இல்லை. அவருக்கு அவளை அங்கேயே கட்டிக்கொள்ள வேண்டும்போல் இருந்தது.

தயாரிப்பு மேனேஜர் ஓடிவந்தார். "ஓட்டிக்கிட்டே வந்துட்டீங்களா! டைரக்டர் ரொம்ப சந்தோஷப்படுவார்."

"என் சம்சாரத்தைப் பாராட்டுங்க, எல்லாம் அவங்க சாமர்த்தியம்" என்றார் டாக்டர். "ஒரு விஷயம் சார். கிளட்சைப் பூ மாதிரி விடச் சொல்லுங்க. அப்புறம், சாயங்காலம் நாங்க இதுலயே வீடு திரும்பிடலாம் இல்லையா?"

மேனேஜர் ஒன்றும் புரியாமல் அவரைப் பார்த்தார். பிறகு அவர் மனைவி பக்கம் திரும்பினார்.

"அம்மா, நீங்க போன்ல ஆசைப்பட்டுக் கேட்ட மாதிரியே பள்ளத்துக்கு நேர் எதிர்ல ஒரு நாற்காலி போட்டு வச்சிருக்கோம். வண்டி உருண்டு விழுறது அடிப்பாறை வரைக்கும் உங்களுக்கு நல்லாத் தெரியும்."