சோடியம் இறக்கிவிட்ட எலக்ட்ரான்

சோடியம் என்ற அணுவின் இடுப்பில் ஓர் எலக்ட்ரான். உள்ளே இருக்கிற பத்தும் சத்தமில்லாமல் சுற்றும். வெளியே தொங்குகிற இந்த ஒன்றுக்குத்தான் ஓயாத ஆட்டம். "யாராவது இதை வாங்கிக்கிட்டா நிம்மதியா கை வீசிப் போவேன்" என்று சோடியம் புலம்பிக்கொண்டே வந்தது.

வழியில் இரண்டு ஹைட்ரஜன்கள். ஆளுக்கொரு எலக்ட்ரான்தான். அவற்றை நடுவில் விட்டு, இரண்டு பக்கமிருந்தும் பிடித்துக்கொண்டு நின்றன.

"இதுல உன்னோடது எதுடி?" என்றது சோடியம்.

"தெரியாதுக்கா. ரெண்டும் எங்க ரெண்டு பேருக்கும்தான்."

"கஷ்டகாலம்! இப்படி ஒட்டிக்கிட்டே கிடக்க என்னால ஆகாதம்மா."

அடுத்து வந்த குளோரினுக்கு ஒரே ஓர் எலக்ட்ரான் குறை. "இதை வாங்கிக்கிறியா?" என்று சோடியம் கேட்டு முடிப்பதற்குள் எலக்ட்ரானை வாரி இடுப்பில் வைத்துக்கொண்டது. அப்பாடா என்று திரும்பிய சோடியத்துக்குக் கால் நகரவில்லை. கொடுத்ததால் இதற்கு நேர்மின்னூட்டம், வாங்கியதால் அதற்கு எதிர்மின்னூட்டம். இரண்டும் பச்சக்கென்று ஒட்டிக்கொண்டன.

"கொடுத்தாச்சு இல்ல, கிளம்பேன்க்கா!" என்றது குளோரின்.

"கிளம்பத்தானே பார்க்கிறேன்! நீ ஏன் இழுக்கிறே?"

"நானா? நீதான் இழுக்கிறே!"

ஹைட்ரஜன்கள் கைகோத்தபடியே மேலே மிதந்து போயின. சோடியம் அண்ணாந்து பார்த்துப் பெருமூச்சு விட்டது. பிறகு குளோரின் பக்கம் திரும்பியது.

"சரி சரி, பிள்ளையை நல்லா அணைச்சுப் பிடி. கீழே விட்டுடப் போறே."