மேடைக்கு ஒரு வெள்ளைக் குடை

"அம்மா, இந்தக் குடையைக் கொஞ்சம் பிடிக்கறீங்களா?"

தூணுக்குப் பின்னால் நின்றிருந்த தெய்வநாயகி, கேட்பது தன்னைத்தானா என்று திரும்பிப் பார்த்தாள்.

கேட்டது நாஸியா. கல்யாணத்துக்குப் போட்டோ எடுக்கச் சேலத்திலிருந்து வந்தவள். வெயிலும் இல்லை, மழையும் இல்லை, ஜேடர்பாளையத்துக் கல்யாண மண்டபத்துக்குள் காலை ஆறரை மணிக்குக் குடை என்ன குடை?

குடைக் காம்பில் சோப்பு டப்பா அளவுக்கு ஒரு சின்ன லைட் மாட்டியிருந்தது. அது அடிக்கிற வெளிச்சம் வெள்ளைத் துணி வழியாகப் போனால் முகத்தில் பதமாக விழுமாம். குடையை மாட்டி நிறுத்துகிற ஸ்டாண்டைக் கொண்டுவர மறந்துவிட்டாளாம். மேடையில் யாராவது நின்று பிடிக்க வேண்டுமாம்.

"மேடைக்கா? நான் வேண்டாஞ் சாமி. வேற ஆரையாச்சும் பாரு."

மேடையில் அவள் மகள் அபிநயா மணக்கோலத்தில் உட்கார்ந்திருந்தாள். பெற்றவர்கள் உட்கார வேண்டிய இடத்தில் சித்தப்பா சண்முகவேலும் சித்தியும் இருந்தார்கள். புருசன் போய் ஒன்பது வருடமான தெய்வநாயகிக்குத் தூண்.

அங்கே போய் நில் என்று அவளிடம் ஒருத்தரும் சொல்லவில்லை. சொல்ல வேண்டியதும் இல்லை. தாலி ஏறுகிற நேரத்தில் தாலி இறங்கின கழுத்து எதிரே நிற்கக் கூடாது என்பது அவளுக்கே தெரியும்.

கோழிப் பண்ணையில் முட்டை பொறுக்கி வளர்த்த பிள்ளை. அது கழுத்தில் தாலி ஏறுவதைப் பக்கத்தில் நின்று பார்க்க ஆசைதான். ஆசை யாரை விட்டது? தூண் இடுக்கில் தெரிகிற மட்டும் தெரியட்டும் என்று நின்றிருந்தாள்.

நாஸியா குடையை அவள் கையில் திணித்துவிட்டு விறுவிறுவென்று நடந்தாள். குடையைக் கீழே போடவா முடியும்? தெய்வநாயகியும் பின்னாலேயே போனாள்.

மேடைப் படியில் நாத்தனார் சாலம்மாள் மறித்தாள். "ஏங் கண்ணு, லைட்டுப் பிடிக்க ஊருல வேற ஆளே இல்லியா?"

"இருக்காங்க. ஆனா ஒசரம் இவங்களுக்குத்தான் சரியா இருக்கு. ஆள் மாறுனா பொண்ணு மூஞ்சியில நெழல் விழுந்துருமுங்க" என்றாள் நாஸியா.

வாயிருந்தால் பிழைத்துக்கொள்ளும் பெண். முகூர்த்த நேரத்தில் மணப்பெண் முகத்தில் நிழல் விழ எந்தச் சாலம்மாள் சம்மதிப்பாள்? முணுமுணுத்துக்கொண்டே வழி விட்டாள்.

தெய்வநாயகி மேடை ஓரத்தில் ஒட்டி நின்றாள்.

"இன்னும் ஓரடி கிட்ட வாங்கம்மா."

வந்தாள்.

"இன்னும் ஓரடி. லைட் கிட்ட இருந்தாத்தான் முகத்துல பதமா விழும்."

அதற்கும் வந்தாள். சண்முகவேல் தொண்டையைக் கனைத்தார். முன்வரிசையில் நாலு தலை ஒன்றோடொன்று ஒட்டிக் கிசுகிசுத்தது. நாஸியா கேமராவிலிருந்து கண்ணை எடுத்தால்தானே? ஓரடி, ஓரடி என்றே, கையை நீட்டினால் மகளின் கூறைச் சேலை படுகிற இடத்துக்குக் கொண்டுவந்து விட்டாள்.

தெய்வநாயகிக்கு இப்போது ஒரே கவலைதான். குடை ஆடக் கூடாது. தன்னால் பிள்ளையின் முகம் கெட்டுப்போகக் கூடாது.

ஆறு அட்டை முட்டையை அடுக்கி, ஒன்றில்கூட விரிசல் விழாமல் தூக்கிப் பழகிய கைகள். பார்க்கத்தான் குடை பெரிசு, கையில் கனமே இல்லை. இதற்கா ஆடும்?

"பொண்ணு, லைட்டைப் பாருங்க" என்றாள் நாஸியா.

அபிநயா நிமிர்ந்து பார்த்தாள்.

கெட்டிமேளம் கொட்டியது. சுற்றிலும் பளிச் பளிச்சென்று வெளிச்சம் அடித்தது. எல்லோரும் தலையைக் குனிந்துகொள் என்கிறார்கள், மாப்பிள்ளை முடிச்சுப் போடுகிறான், அபிநயா குடைப் பக்கமே பார்த்துக்கொண்டிருந்தாள்.

தெய்வநாயகிக்குக் கண் நிறைந்து வழிந்தது. துடைக்கக் கை இல்லை, இரண்டு கையும் குடையில். அழுதபடியே மூன்று முடிச்சையும் எண்ணினாள். இனி யார் என்ன பேசினாலும் பேசிக்கொள்ளட்டும் என்று இருந்தது.

பந்தி முடிந்ததும், பெண்ணைத் தனியாக நாலு படம் எடுக்க வேண்டும் என்று நாஸியா மணமகள் அறைக்கு வந்தாள். அபிநயாவை ஜன்னலோரம் உட்கார வைத்தாள். குடை லைட்டின் சின்னக் கதவைத் திறந்து நாலு பேட்டரியை ஒவ்வொன்றாகப் போட்டு மூடி, தெய்வநாயகியிடம் நீட்டினாள்.

வாங்கியதுமே கை சொல்லிவிட்டது. நல்ல முட்டை எது, கூமுட்டை எது என்று எடுத்த மாத்திரத்தில் பிரிக்கிற கை அது. காலையில் பிடித்தது வெறும் கூடு.

"அப்ப, காத்தால இது எரியவே இல்லியா சாமி?"

நாஸியா கொஞ்சம் நெளிந்தாள். "இல்லீங்கம்மா. பழக்கமில்லாத கை, ஆடிப்போச்சுன்னா படம் கெட்டுருமேன்னு பேட்டரியைக் கழட்டி வெச்சுட்டேன். மேடைக்கு வேற ரெண்டு லைட் போட்டிருந்தேன். நீங்கதான் துளிகூட ஆடலியே. இப்ப நெசமாவே பிடிங்க."

"வெளிச்சமே வேண்டாம்னா, அப்பறம் என்னத்துக்கு என்னையக் கூப்பிட்டே?"

நாஸியா அபிநயாவைப் பார்த்தாள்.

அபிநயா புதுத் தாலியைச் சேலைக்கு மேலே எடுத்து விட்டுக்கொண்டிருந்தாள்.

"இன்னும் ஓரடி கிட்ட வாம்மா" என்றாள்.