சந்தைவரை நாற்காலிகள்

நடைப்பேட்டைக்குள் வண்டிகளே வருவதில்லை. அங்கே வாடகைக்கு இருப்பவர்கள், ஒப்பந்தம் புதுப்பிக்கும் நாளில் சந்தைவரை தனியாக நடந்துபோய்க் காய் வாங்கித் திரும்ப வேண்டும். முடியாதவர்களுக்கு ஊருக்கு வெளியே, வண்டி ஓடும் குடியிருப்பில் வீடு கொடுத்துவிடுவார்கள்.

சவரிமுத்துவுக்குப் பக்கவாதம் வந்தபின் இதுதான் முதல் சோதனை. யாரும் கைகொடுக்கக் கூடாது என்பதால் மனைவி பிலோமினா வாசலிலேயே நின்றுவிட்டாள். இந்தத் தெரு மனிதர்களை விட்டால் அவளுக்கு வேறு சொந்தமில்லை. அவர் தடியை ஊன்றிப் புறப்பட்டார். அதிகாரி ரெஹானா பின்னால் போனாள்.

நாலு வீடு தாண்டுவதற்குள் அவர் கால் நடுங்கியது. அப்போது தையல்கடை ஷாகுல் தன் நாற்காலியைத் தூக்கிவந்து தெருவில் போட்டார்.

"உக்காருங்கண்ணே, என்ன அவசரம்?"

அதைப் பார்த்து மருந்துக்கடையிலிருந்து ஒரு ஸ்டூல் வந்தது. அடுத்த வீட்டிலிருந்து ஒரு பிரம்பு நாற்காலி. அப்படியே சந்தை இருக்கும் தெருமுனைவரை வாசலுக்கு வாசல் இருக்கைகள் வந்துவிட்டன.

"மேடம், இது செல்லுமா?" என்று ஷாகுல் தயங்கிக் கேட்டார்.

"விதியில நடக்கணும்னுதான் போட்டிருக்கு. நடுவுல உக்காரக் கூடாதுன்னு எங்கயும் இல்லையே," என்ற ரெஹானா தானும் அந்த ஸ்டூலில் உட்கார்ந்துகொண்டாள்.

உச்சி வெயிலில்தான் சவரிமுத்து வீடு திரும்பினார். ரெஹானா ஒப்பந்தத்தைப் புதுப்பித்துவிட்டு விடைபெற்றாள். பிலோமினா அழுகையை அடக்கிக்கொண்டு காய்ப்பையைப் பிரித்தாள்.

"கொத்தமல்லி எங்கங்க?"

"அடடா, மறந்துட்டேன்," என்று சிரித்தார் சவரிமுத்து. "வெயில் தாழட்டும், போய் வாங்கிட்டு வந்துடறேன்."