எனக்குப் பதில் அபயாம்பாள்

முடக்குவாதம் எனக்கு. நோயாளிகள் கூட்டத்துக்குப் போகிறவள் என் மனைவி அபயாம்பாள்.

சனிக்கிழமை காலையில் என்னையும் ரிக்‌ஷாவில் ஏற்றிக்கொண்டு வருவாள். வானவடிப் பேட்டையில் ஒரு அபார்ட்மெண்டின் கீழ்த்தளத்து ஹால். அவள் உள்ளே போவாள். நான் எதிரே டீக்கடையில் நிற்பேன்.

வீட்டில் என்னைத் தனியாக விட்டுவிட்டு வரமாட்டாளாம். நான் என்ன கைக்குழந்தையா?

டாக்டரம்மா செய்த ஏற்பாடு இது. மூட்டு வீக்கத்தை மருந்து பார்த்துக்கொள்ளும், மனசை யார் பார்ப்பது என்று கேட்டாள். இந்த நோய் வந்த பெண்கள் வாய்விட்டு அழுதாவது விடுகிறார்களாம். ஆண்கள் நன்றாக இருக்கிறேன் என்று சொல்லிவிட்டு, வீட்டுக்குப் போய்ச் சுவரைப் பார்த்து உட்கார்ந்துவிடுகிறார்களாம். அவர்களை நினைத்தால்தான் தனக்குப் பயம் என்றாள்.

நான் நன்றாக இருக்கிறேன் என்றேன்.

முதல் வாரம் நானேதான் போனேன். வட்டமாக நாற்காலி போட்டிருந்தார்கள். எல்லாம் பெண்கள். கூட்டம் நடத்துகிற ராஜஸ்ரீ, “மனசுல இருக்கிறதைச் சொல்லுங்க காகா” என்றாள். இந்த மராட்டிக்கார ஊரில் கிழவனெல்லாம் காகா. முன்பின் தெரியாதவளிடம் எதற்குச் சொல்ல வேண்டும்? அதை வைத்துக்கொண்டு நாளைக்கு என்ன செய்வாளோ, யார் கண்டது. எழுந்து வந்துவிட்டேன்.

“அப்ப நீங்க டீ குடிங்க. நான் போறேன்,” என்றாள் அபயாம்பாள்.

நான் ராணுவ டிப்போவில் லாரி ஓட்டின காலமெல்லாம் ரேஷன் வரிசையில் எனக்குப் பதிலாக நின்றவள் அவள். இதற்கும் நின்றுவிட்டுப் போகட்டும் என்று விட்டுவிட்டேன்.

மழைக்காலம் தொடங்கியதிலிருந்து எங்கள் நாலாவது மாடி பால்கனிக் கதவுக்கும் பூட்டுப் போட்டிருக்கிறாள். புறா வருகிறதாம்.

புறா போன வருஷமும்தான் வந்தது.

டீக்கடையில் என்னைப் போலவே இன்னொருவர் நிற்பார். ரவிசந்திரன். கோயம்புத்தூர்க்காரர், பாங்கில் இருந்து ரிட்டயரானவர். அவர் மனைவி பானுவும் உள்ளேதான். மெட்ரோ வேலை, தண்ணீர் லாரி, மழை என்று விடாமல் பேசுவார். பாங்குக்காரன் இவ்வளவு பேசினால் எதையோ நம் தலையில் கட்டப் போகிறான். நான் தள்ளியே நிற்பேன்.

அன்றைக்கு மழை விட்டு நல்ல வெயில். ஹாலில் இருந்து சிரிப்புச் சத்தம் வந்தது.

நோயாளிகள் கூட்டத்தில் என்ன சிரிப்பு? ஏதோ தைலம் விற்கிறார்கள். அபயாம்பாள் ஏமாந்து இரண்டு பாட்டில் வாங்கிவிடுவாள். டீயைப் பெஞ்சில் வைத்துவிட்டு, ரோட்டைக் கடந்து ஹாலின் பக்கத்து சன்னலுக்குப் போனேன்.

தைலம் இல்லை. அபயாம்பாள்தான் பேசிக்கொண்டிருந்தாள். காய்கறிக்காரனிடம் பேசுகிற அதே ஹிந்தியில்.

“காலையில எனக்கு விரல் மடங்காது. சட்டைக்கு பட்டன் போட முடியாது. யாராவது கேட்டா, காத்து வரட்டும்னு திறந்து விட்டிருக்கேன்னு ஜம்பமா சொல்லுவேன்.”

மறுபடியும் சிரிப்பு.

என் சட்டையைப் பார்த்தேன். மேல் இரண்டு பட்டன் திறந்துதான் இருந்தது.

அவளுக்கு ஒரு நோயும் கிடையாது. பிறந்ததிலிருந்து சட்டை போட்டவளும் இல்லை. புடவை கட்டிக்கொண்டு ஒருத்தி இப்படிச் சொல்கிறாளே என்று அங்கே யாரும் கேட்கவில்லை.

அவள் குரல் இறங்கியது.

“பால்கனியில நின்னா கீழேயே பாத்துக்கிட்டு நிக்கிறேன். யார்கிட்டயும் சொல்லல.”

நானும் யாரிடமும் சொல்லவில்லை. அவளிடம்கூட.

எனக்குக் கோபம் வந்திருக்க வேண்டும். என் மானத்தை ஊரார் நடுவில் பிரித்துப் போடுகிறாள். ஆனால் வரவில்லை. நெஞ்சில் கிடந்தது கொஞ்சம் இறங்கின மாதிரி இருந்தது. அதுவும் நான் வாயைத் திறக்காமலே.

உள்ளே யாரும் ஐயோ என்று கத்தவில்லை. பக்கத்தில் இருந்தவள் அபயாம்பாளின் கையைப் பிடித்துக்கொண்டாள். அந்த எண்ணம் வந்தால் தனியாக நிற்காதே, வீட்டில் யாரையாவது உடனே கூப்பிடு, டாக்டரிடமும் மறைக்காதே, அதுவும் வலி மாதிரிதான், அதற்கும் மருந்து உண்டு என்று ராஜஸ்ரீ சொன்னாள்.

அபயாம்பாள் சரி என்று தலையாட்டினாள்.

சன்னலுக்கு இந்தப் பக்கம் நானும் ஆட்டினேன் போலிருக்கிறது.

அடுத்தது பானு எழுந்தாள்.

“குனிஞ்சு சாக்ஸ் மாட்ட முடியல. எனக்கு ஷூவே பிடிக்காதுன்னு வீட்ல சொல்லி வச்சிருக்கேன். பையன் ரிசப்ஷன்ல கோட்டு சூட்டு போட்டுக்கிட்டு, கால்ல ரப்பர் செருப்பு!”

உள்ளே ஒருத்தி சிரித்துச் சிரித்து இருமினாள்.

எனக்குப் பின்னாலும் ஒரு இருமல் கேட்டது.

ரவிசந்திரன். ஒரு கையில் அவர் டீ, இன்னொரு கையில் பெஞ்சில் நான் வைத்துவிட்டு வந்தது. இஸ்திரி போட்ட பேண்ட், உள்ளே செருகிய சட்டை. காலில் ரப்பர் செருப்பு.

மெட்ரோவைப் பற்றி ஒன்றும் பேசவில்லை. டீயை என்னிடம் நீட்டினார்.

“உங்களுது முடிஞ்சிருச்சுங்களே. இப்ப என்னோடதுங்க,” என்றார். “கொஞ்சம் தள்ளிக்குங்க.”

நகர்ந்து, சன்னலில் அவருக்கு இடம் விட்டேன்.